காப்பு கட்டிய பதினோரு பேர்

சிஸ்டர் எனக்கு முதன்முதலில் கொடுத்தது ஒரு டம்ளர் தண்ணீர். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குமட்டலை அடக்கி அடக்கி வந்து சேர்ந்திருந்தேன். குடிக்கத்தான் தருகிறார் என்று வாங்கி வாய்வரை கொண்டுபோய்விட்டேன். "பாத்துட்டுக் குடிங்க மேடம்" என்றார். டம்ளருக்குள் நூல்போல மெல்லிய புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கை அசைந்ததும் துள்ளித் துள்ளி அடியில் போய்ப் பதுங்கின. "ஆராய்ச்சிக்கு வந்திருக்கீங்கல்ல, இதத்தான் மொதல்ல பாக்கோணும்னு எடுத்து வெச்சேனுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு டம்ளரில் சுக்குக் காபி கொடுத்தார். அவர் சிரிக்கவில்லை. நான்தான் அசடு வழியச் சிரித்தேன்.

சிஸ்டர் என்று நான் சொல்வது ஒரு கிராம சுகாதார செவிலியரை. கொல்லிமலையில் எடப்புளி நாடு என்கிற பகுதியில், நாலைந்து சிற்றூர்களுக்குப் பொதுவான துணை சுகாதார நிலையம் ஒன்றில் இருந்தார். சொந்த ஊர் சேலத்துப் பக்கம். கீழேயிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் பெரும்பாலும் வந்த அன்றே இறங்கும் நாளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இவர் பன்னிரண்டு வருடமாக அங்கேயே இருந்தார். ஏன் என்று கேட்டால் "கீழ வேகுதுங்க" என்று முடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபத்துக்குப் போவார். ஊரில் மாரியம்மன் நோன்பு சாட்டிவிட்டால் அவர் வீட்டிலும் கறி வேகாது. வாய் கொஞ்சம் நீளம். தடுப்பூசி நாளைத் தவறவிட்ட தாயை ரோட்டிலேயே நிறுத்திப் பிடிபிடியென்று பிடிப்பார். பிடித்து முடித்ததும் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தாயுடனேயே நடந்து போவார்.

நான் ராசிபுரத்துக்காரி. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கொல்லிமலை நீலமாகத் தெரியும். முப்பத்து மூன்று வயதுவரை அதில் ஏறிப் பார்க்கத் தோன்றியதில்லை. படித்தது புள்ளியியல், வேலை சென்னையில் ஓர் ஆய்வுக் குழுவில். பூமி சூடேறிக்கொண்டே போனால், மழை தப்பித் தப்பிப் பெய்தால், எந்த ஊரில் எந்த நோய் எப்போது தலைகாட்டும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது எங்கள் தொழில். அந்தக் கணக்கை நாங்கள் மாதிரி என்போம். ஒரு மாதிரியைக் கட்டி முடிப்பதற்குள் அதன்மேல் ஒருவிதமான பாசம் வந்துவிடும். அதைக் குறை சொல்கிறவர்கள்மேல் கோபமும் வரும். இதை யாரும் ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுவதில்லை.

எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த கேள்வி எளிமையானது. சமவெளியில் இருக்கும் டெங்கு எப்போது மலையேறும்? பதிலும் எளிமையாக இருக்கும் என்றுதான் நம்பினேன். அந்தக் கொசு மலையில் பிழைத்திருந்தாலும், குளிரில் கிருமி அதன் உடம்புக்குள் மெதுவாகத்தான் முதிரும். முதிர்வதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே இன்னும் நிறைய வருடங்கள் சூடேறினால்தான் அங்கே நோய் தானாகப் பரவ முடியும். அதுவரை மலையில் யாருக்காவது டெங்கு வந்தால், கீழே போய்க் கடிபட்டு வந்திருக்கிறார் என்று பொருள். என் மாதிரி இதைத்தான் சொன்னது. மேலே போய்ச் சுகாதாரப் பதிவேடுகளைப் பார்த்து, அது சரி என்று உறுதி செய்துகொண்டு வருவதற்காகத்தான் அந்த வைகாசியில் மலையேறினேன். சரியா என்று பார்க்கப் போகவில்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

சிஸ்டருக்கு என் கணக்கைப் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்து வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். முன்பெல்லாம் கோடையிலும் ஊற்றுத் தண்ணீர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுமாம். சில வருடங்களாகப் பங்குனி, சித்திரையில் ஊற்று நின்றுபோகிறது. தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வருவதால் எல்லா வீட்டிலும் நீல நிற பிளாஸ்டிக் டிரம் வாங்கிவிட்டார்கள். டிரம்மை வெளியே வைத்தால் மாடு வாய் வைக்கும் என்று அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். சிஸ்டர் டிரம்மைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது.

"உங்க கம்ப்யூட்டருக்கு வெளிய அடிக்கிற குளிரு தெரியுமுங்க. அடுப்படிச் சூடு தெரியுமுங்களா?" என்றார். "எல்லாரும் மழை பேஞ்சா கொசு வரும்ங்கறாங்க. இங்க மழை நின்னாத்தாங்க வருது."

நான் குறித்துக்கொண்டேன். நல்ல அவதானிப்பு என்று பாராட்டவும் செய்தேன். அந்தப் பாராட்டை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அன்று சாயந்தரம் தன் சொந்த நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். காலண்டர் தாளில் அட்டை போட்ட நோட்டு. அரசாங்கப் பதிவேட்டில் காய்ச்சல் என்று ஒரு கோடு போட்டால் போதும். இதில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அவருக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. சித்திரை மாதத்தில் பதினோரு பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் 'காப்பு' என்று எழுதி, ஒரு நாள் கணக்கும் போட்டிருந்தார். எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார்.

அந்த ஊரில் சித்திரையில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் பதினைந்து நாளுக்கு யாரும் மலையை விட்டு இறங்கக் கூடாது. கீழே எங்கள் பக்கத்தில் வெளியூர் போனாலும் இரவுக்குள் திரும்பிவிட்டால் போதும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. வளைவு ரோட்டில் கால் வைக்க மாட்டார்கள். வெளியாட்களும் வந்து தங்க மாட்டார்கள். சிஸ்டருக்கே அந்த நாட்களில் மீட்டிங் வந்தால் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகாமல் இருப்பாராம். "கடிச்சு நாலு நாள்லருந்து பத்து நாளுக்குள்ள காய்ச்சல் வந்தரும். இவங்களுக்கெல்லாம் காப்பு கட்டிப் பன்னெண்டு நாளுக்கு மேல ஆகித்தான் வந்துச்சு. ரத்தத்துலயும் டெங்குன்னே காட்டிருச்சு. அப்பக் கடிச்ச கொசு எங்கீங்க இருந்துருக்கும்?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லவில்லை. ஊரே தன்னைப் பதினைந்து நாள் பூட்டிக்கொள்கிறது. உள்ளே காய்ச்சல் வருகிறது. லட்சக்கணக்கில் செலவழித்தாலும் எங்களால் இப்படியொரு சோதனையை நடத்த முடியாது. அந்தப் பக்கங்களை அப்போதே என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்துதான் சிஸ்டர் என்னை மேடம் என்பதை விட்டுவிட்டுக் கண்ணு என்று கூப்பிடத் தொடங்கினார்.

பதினோரு பேரில் ஒருவரை மறுநாள் பார்த்தோம். மிளகுக்காரர் என்றுதான் அவரை ஊரில் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டாத மனிதர்; பேச்சுக்குப் பேச்சு கிண்டல். களத்தில் உட்கார்ந்து பலாப்பழம் ஒன்றைப் பிளந்து, கையெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக் கொடுத்தார். எனக்குப் பாலைத் துடைக்கத் தெரியவில்லை, விரல்கள் ஒட்டிக்கொண்டன. "கணக்குப் படிச்சவங்களுக்குச் சொளை எடுக்கத் தெரீலீங்களே" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தார். காய்ச்சலைப் பற்றிக் கேட்டேன். "எலும்பெல்லாம் முறிச்சுப் போட்டாப்பல இருந்துச்சுங்க. கையில காப்பு, எங்கீங்க கீழ போறது? சிஸ்டரம்மாதான் நாலு நாளும் வந்து வந்து பாத்தாங்க" என்றார்.

திரும்பி நடக்கும்போது சிஸ்டர் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். இந்தக் காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கு அடுத்த வருடம் வேறு வகையாகத் திரும்பி வந்தால் உடம்பு தாங்காது. அதனால் இந்தப் பதினோரு பேரும் மேலதிகாரிகளின் கணக்கில் ஏறியாக வேண்டும். "நான் சொன்னா நர்ஸு சொல்றான்னு விட்டுருவாங்க. உங்க ரிப்போர்ட்டுல வந்துட்டா யாரும் தட்ட முடியாது கண்ணு" என்றார். வந்துவிடும் என்றேன்.

சென்னைக்குத் திரும்பிப் பதினோரு பேரையும் கணக்கில் சேர்த்தேன். மாதிரி ஆடிப்போய்விட்டது. சமவெளியில் அச்சு அசலாகப் பொருந்திய கோடு, மலையில் அர்த்தமில்லாமல் எகிறியது. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் டிரம்மைச் சேர்க்க வேண்டும், அடுப்படிச் சூட்டைச் சேர்க்க வேண்டும், தண்ணீர் வராத நாட்களைச் சேர்க்க வேண்டும். மறுபடி அடியிலிருந்து கட்டவேண்டும். அறிக்கை கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. பதினோரு பேரை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். கோடு அழகாகப் படிந்தது.

எங்கள் குழுத் தலைவர் கெட்ட மனிதர் இல்லை. பழியை அவர்மேல் போட எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அப்படியில்லை. "இந்த மலைக் கேஸ்கள் நம்பக்கூடியவைதானா?" என்று என்னிடம் கேட்டார். காப்பைப் பற்றி நான் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அவருக்கு அப்படிப்பட்ட விஷயங்கள் உயிர். நான் சொன்னது இதுதான்: "கிராம நர்ஸ் ஒருவரின் நோட்டிலிருந்து எடுத்தது சார். கீழே போகவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது." இலக்கணப்படி பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. பதினோரு பேரும் 'வெளியில் தொற்றியது' என்ற அட்டவணைப் பத்தியில் போய் விழுந்தார்கள். அந்தப் பத்தியை எங்கள் மாதிரி கணக்கில் எடுப்பதே இல்லை.

அறிக்கை வெளிவந்தது. மாவட்ட வரைபடத்தில் சமவெளி மஞ்சளும் சிவப்புமாக இருக்க, மலை முழுக்கப் பச்சை. பார்க்க அழகாக இருந்தது என்று பாராட்டினார்கள். கொசுப்புழு பார்க்கும் ஆட்களைப் பங்கிடும்போது அந்த வரைபடத்தைத்தான் மேசைமேல் விரித்து வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். சிஸ்டரின் பகுதிக்கு வந்துகொண்டிருந்த இரண்டு பேரையும் கீழே அனுப்பிவிட்டார்கள். சிஸ்டர் போன் செய்தார்.

"மலையப் பச்சையா போட்டிருக்கீங்களாமா கண்ணு. அந்தப் பதினோரு பேரு எங்க?"

வகைப்படுத்துதல், நிச்சயமின்மை என்றெல்லாம் நான் ஏதேதோ சொன்னேன். கடைசியில், "காப்பு கட்டியிருந்தாங்கன்னு சொன்னேனே கண்ணு" என்றார். "அத ஆதாரமா எடுத்துக்க முடியாதுங்க சிஸ்டர்" என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார். என்னிடம் அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அடுத்த ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போனேன்.

அடுத்த சித்திரையில் ஊற்று இன்னும் சீக்கிரமாக நின்றது. காப்புக் கட்டினார்கள். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ மிளகுக்காரருக்குக் காய்ச்சல் கண்டது. மலையிலேயே இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சிஸ்டரே அவரை அழைத்துப் போனார். இவருக்குப் போன வருடமே ஒருமுறை டெங்கு வந்திருக்கிறது, உடனே கீழே அனுப்ப வேண்டும் என்று மன்றாடினார். அங்கே டாக்டர் புதிது, பொறுப்பாகப் படிக்கிறவர். எங்கள் அறிக்கையையும் படித்திருந்தார். இந்த உயரத்தில் அந்த நோய் பரவாது, கீழே போகாத மனிதருக்கு எப்படி வரும், போன வருடம் வந்ததும் வேறு காய்ச்சலாகத்தான் இருக்கும், ரத்தத்தில் காட்டியது தவறாக இருக்கும் என்று எடுத்துச் சொல்லி, மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாதாரணக் காய்ச்சலுக்காக ஒருவர் காப்பை மீறி மலையிறங்குவாரா? அவர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஈறிலிருந்து ரத்தம் கசிந்தபோதுதான் ஜீப் பிடித்தார்கள். வளைவுகள் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சிஸ்டர் போனில் இதைச் சொன்னபோது அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். "காப்பக் குத்தம் சொல்லி எழுதிப்புடாதீங்க மேடம்" என்றார். மறுபடியும் மேடம் ஆகியிருந்தேன். "உயிருக்கு ஆபத்துன்னா பூசாரியே காப்ப அவுத்து, மஞ்சத்தண்ணி தெளிச்சு அனுப்பிருவாருங்க. போன தடவ ஒரு பிரசவத்துக்கு அப்பிடித்தான் அனுப்புனாரு. சாதாக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னதால யாரும் போயி அவருகிட்டக் கேக்கல. அவ்வளவுதானுங்க."

அந்த வாரமே குழுத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பழைய அறிக்கையை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, திருத்து என்றார். திருத்தினேன். டிரம், அடுப்படி, ஊற்று நின்ற நாட்கள் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து மாதிரியை அடியிலிருந்து கட்டினேன். பதினோரு பேரும் இப்போது இருந்தார்கள். அந்தச் சித்திரையின் காய்ச்சல்களும் சேர்ந்துகொண்டன. மிளகுக்காரரும் அதில் ஒரு வரி. புது மாதிரி முன்பைவிட நன்றாகப் பொருந்தியது. கருத்தரங்கில் கைதட்டினார்கள். வறட்சியால் மலையேறும் டெங்கு என்று அதற்கொரு பெயரும் கிடைத்தது. கண்டுபிடித்தது நான் என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சிஸ்டரின் பெயர் நன்றி சொல்லும் பகுதியில் வரட்டும் என்று அவரைக் கேட்டபோது, வேண்டாம் என்றுவிட்டார். கோபமா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

புது வரைபடத்தில் மலை சிவப்பானது. ஆட்கள் திரும்ப வந்தார்கள். வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்துக் கழுவுகிறார்கள், இறுக்கமான மூடி கொடுத்திருக்கிறார்கள், காய்ச்சல் என்று வருகிற எல்லாருக்கும் ரத்தம் பார்க்கிறார்கள். காப்புக் கட்டும் முன்பே பூசாரியும் டாக்டரும் உட்கார்ந்து, காய்ச்சல் கண்டவருக்குக் கேட்காமலே மலையிறங்க உத்தரவு உண்டு என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் போன மாதம் போய்ப் பார்த்து வந்தேன். சிஸ்டர் கூட வந்தார். நரை கூடியிருந்தது. வழியெல்லாம் மரியாதையாகப் பேசினார். மிளகுக்காரர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நானே கேட்டேன். நான் செய்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போயிருந்தேன். ராசிபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்று சொல்லிவிடப் போகிறேன் என்று வாசலில் சிஸ்டரிடமும் சொன்னேன்.

"சொல்றதுன்னா நீங்கதான் சொல்லோணுமுங்க. நாஞ் சொல்ல மாட்டேன். தடுக்கவும் மாட்டேன்" என்றார்.

மிளகுக்காரரின் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். பாய் விரித்தார். என் கையைப் பிடித்து உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். மூடி போட்ட டிரம்மைக் காட்டினார். பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள் என்றார். நீங்கள் எழுதின பிறகுதான் மருந்தடிக்க ஆள் வருகிறது, ஊரில் எல்லாரும் உங்களைத்தான் சொல்கிறார்கள் என்றார். நான் பேச வாயெடுத்தேன். என் முகம் எப்படி மாறியதோ தெரியவில்லை, அவர் என்னைத் தேற்றத் தொடங்கிவிட்டார்.

"நீங்க எதுக்குக் கண்ணு கலங்கறீங்க? உங்க கம்ப்யூட்டரு ஒரு வருசம் முன்னாடி சொல்லிருந்தா, பூசாரி கால்ல விழுந்தாவது அவரக் கீழ கூட்டிட்டுப் போயிருப்பேன். அதச் சொல்லி என்ன பண்றது? பாவம், அதுக்கு எப்படிங்க தெரியும்?"

சிஸ்டர் சுவரோரமாக நின்றபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கை இன்னும் என் கையின்மேல்தான் இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தெரியும், அந்தப் பதினோரு பேரை நான்தான் அழித்தேன் என்று சொல்ல வேண்டும். அத்தனை வளைவுகளிலும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது அதுதான்.

"ஆமாங்க" என்றேன்.